கொடுத்ததைப் பூட்ட விடலாமா?

(கம்ப்யூட்டர் வேலை செய்யும் இளைஞர்கள் கூட்டிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இக்கூட்டத்தைக் கூட்டிய இளைஞர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். தமிழில் எழுதினதில் உள்ள எழுத்துப் பிழையையும் சந்திப் பிழையையும் கண்டுபிடித்துச் சொல்லும் ஒரு கம்ப்யூட்டர் லைப்ரரியை, பிழைப்புக்கான வேலை போக மிச்சமுள்ள நேரத்தில் இரண்டு வருஷம் உழைத்து எழுதி முடித்திருக்கிறார்கள். அதை ஊராருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதில் அவர்களுக்குள் அபிப்பிராய பேதம் இல்லை. எந்த லைசென்சு போட்டுக் கொடுப்பது என்பதில்தான் தகராறு. ஒரு கட்சியார் ஜி.பி.எல். என்கிறார்கள். மற்றொரு கட்சியார் எல்.ஜி.பி.எல். போதும் என்கிறார்கள். மூன்றாவது ஒருவர், நிபந்தனையே வேண்டாம், எடுத்துக் கொள்கிறவன் என்ன வேண்டுமானாலும் செய்து கொள்ளட்டும் என்கிறார். "நீங்கள் வந்து ஒரு முடிவு சொல்லுங்கள், அய்யா" என்று நம்மைக் கேட்டுக்கொண்டார்கள்.

தோழர்களே! நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இந்த விஷயத்தை நாம் எந்தக் காலேஜிலும் படித்ததில்லை. தட்டித் தடுமாறியும், தெரிந்தவர்களைத் தொந்தரவு செய்து கேட்டும், அகப்பட்டதைப் படித்தும் தெரிந்துகொண்டதுதான். நாம் சொல்லுவதால் ஒரு சங்கதி உண்மையாகிவிடாது. அமெரிக்காவில் ஒரு பெரிய மனிதர் சொன்னார் என்பதாலும் உண்மையாகிவிடாது. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதாலும் ஆகிவிடாது. ஆகையால் இரு பக்கத்து நியாயத்தையும் உங்கள் முன் வைக்கிறோம். ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.

இங்கு வந்திருக்கிற விவசாயத் தோழர்களும் கடைக்காரத் தோழர்களும், "இதில் நமக்கென்ன இருக்கிறது?" என்று நினைக்கலாம். உங்களில் பலருடைய சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. அதற்கு அடிப்படையாய் ஓடுவது லினக்ஸ் என்னும் மென்பொருள். அது நாம் பேசப் போகிற இதே ஜி.பி.எல்.லின் கீழ் வெளிவந்தது. ஆகவே இது யாரோ நாலு பேருடைய விவகாரம் என்று எண்ணிவிட வேண்டாம்.

சூரணமும் செய்முறையும்

முதலில் மென்பொருள் என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு வைத்தியர் சூரணம் கொடுக்கிறார். அதைத் தின்றால் வியாதி தீருகிறது. ஆனால் சூரணத்தைப் பார்த்து அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எந்தப் பக்குவத்தில் வறுத்தார், எவ்வளவு அரைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அது அவருடைய குறிப்பேட்டில்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் ஓடுகிற புரோகிராம் சூரணம் மாதிரி. மனிதன் படிக்கிற விதமாய் எழுதிய மூலநிரல் என்பது செய்முறைக் குறிப்பு. செய்முறையைப் பெற்ற மகனுக்குக்கூடச் சொல்லாமல் செத்துப்போன வைத்தியர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்! அவர்களோடு அந்த மருந்தும் செத்தது. கம்ப்யூட்டர் உலகத்திலும் சூரணத்தை மட்டும் விற்று, செய்முறையைப் பூட்டி வைக்கிற வழக்கம் பலமாய் ஏற்பட்டுவிட்டது.

லைப்ரரி என்பது புத்தகசாலை அல்ல. வீடு கட்டுகிறவன் செங்கலையும் கதவையும் தானே செய்து கொள்வதில்லை. செய்து வைத்ததை வாங்கிக் கட்டுகிறான். அதுபோலப் புரோகிராம் எழுதுகிறவர்கள், வேறொருவர் எழுதி வைத்த துண்டுகளை எடுத்துத் தங்கள் புரோகிராமில் சேர்த்துக் கொள்கிறார்கள். அந்தத் துண்டுகளின் தொகுப்புக்குத்தான் லைப்ரரி என்று பெயர். ஆகவே லைப்ரரிக்கு லைசென்சு போடுகிறவன், தன் செங்கலைக் கொண்டு பிறர் கட்டப்போகும் வீட்டைப் பற்றியும் யோசித்தாக வேண்டும். இதில்தான் தகராறெல்லாம் வருகிறது.

நாம் பட்ட பாடு

நமக்கு நேர்ந்ததைச் சொல்லுகிறோம். சில வருஷங்களுக்கு முன் நம் பத்திரிகையின் சந்தாதாரர் பெயர்களையும் விலாசங்களையும் வைத்துக்கொள்ள, ஒரு கடைக்காரரிடம் பணம் கொடுத்து ஒரு புரோகிராம் வாங்கினோம். நாலு வருஷம் ஒழுங்காய் ஓடிற்று. பிறகு மின்சாரக் கோளாறில் கம்ப்யூட்டர் கெட்டது. வேறு கம்ப்யூட்டர் வாங்கி அதில் அதே புரோகிராமைப் போட்டால், "சாவி எண்ணைக் கொடு" என்று கேட்டது. கடைக்குப் போனோம். கடையை மூடிவிட்டுப் போய் ஆறு மாதமாகிவிட்டது என்றார்கள். பெயர்களெல்லாம் நம்மிடமே இருக்கின்றன. ஆனால் அந்தப் புரோகிராமைத் தவிர வேறெதனாலும் அவற்றைத் திறக்க முடியவில்லை. நம் வீட்டுக்குள் நாமே போக முடியாமல் வாசலில் நின்றோம். கடைசியில் பழைய ரசீதுப் புஸ்தகங்களையும் தபால் உறைகளையும் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்து மறுபடி எழுதினோம். அப்படியும் பல நூறு விலாசங்கள் போனது போனதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிறகு ஒரு இளைஞர் அந்தப் புரோகிராமைப் பார்த்துவிட்டு, "அய்யா, இதில் பாதிக்குமேல் கடைக்காரர் எழுதினதே அல்ல. யார் யாரோ ஊருக்கு இலவசமாய்க் கொடுத்த லைப்ரரிகளை எடுத்துச் சேர்த்திருக்கிறார். அவர்கள் பெயர்கள் இதோ ஒரு மூலையில் இருக்கின்றன" என்று காட்டினார். எம்.ஐ.டி., பி.எஸ்.டி. என்று இரண்டு வித லைசென்சுகள் உண்டு. எழுதினவன் பெயரையும் லைசென்சு வாசகத்தையும் எடுத்துவிடாதே என்பதுதான் அவற்றின் முக்கியமான நிபந்தனை. மற்றபடி பூட்டிக்கொண்டாலும் கேட்பதில்லை. கடைக்காரர் பெயரை எடுக்கவில்லை. பூட்டைப் போட்டார். சட்டப்படி அவர் மேல் குற்றமில்லை. கொடுத்தவன் தாராளமாய்த்தான் கொடுத்தான். நடுவில் இருந்தவன் பூட்டினான். கடைசியில் இருந்த நாம் வெளியே நின்றோம். லைசென்சு விஷயத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கடைசியில் நிற்கிறவன் கதி என்ன என்பதே என்று அன்றைக்குத்தான் நமக்கு விளங்கிற்று.

காப்பிலெப்ட் ஏற்பட்ட விதம்

நமக்கு நேர்ந்தது புதிதல்ல. 1980ஆம் வருஷ வாக்கில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஜெராக்ஸ் கம்பெனியின் அச்சு யந்திரம் ஒன்று இருந்தது. அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி அதன் மென்பொருளைத் திருத்தலாம் என்று அவர் நினைத்தார். மூலநிரல் கம்பெனி கொடுக்கவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவரிடம் போய்க் கேட்டார். அவரோ, யாருக்கும் கொடுப்பதில்லையென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்று மறுத்துவிட்டார். ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்கு உதவி செய்வதில்லை என்று வாக்குக் கொடுப்பதா என்று ஸ்டால்மனுக்கு ரோஷம் வந்தது. 1983இல் க்னூ என்னும் பெயரில் கட்டற்ற மென்பொருள் வேலையை ஆரம்பிப்பதாக அறிவித்தார். 1985இல் அதற்கொரு ஸ்தாபனம் ஏற்பட்டது. 1989இல் ஜி.பி.எல். என்னும் பொது லைசென்சின் முதல் பதிப்பு வந்தது. இரண்டாவது 1991இலும், மூன்றாவது 2007இலும் வந்தன.

ஜி.பி.எல். சொல்லுவது இதுதான். இதை யாரும் உபயோகிக்கலாம், திறந்து படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விலைக்கும் விற்கலாம். ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது, திருத்தியிருந்தாலும் திருத்தாவிட்டாலும், மூலநிரலையும் இதே உரிமைகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நீ வாங்கிக்கொண்ட உரிமையை உனக்கு அடுத்தவனுக்கு இல்லையென்று சொல்லக்கூடாது. இதற்குக் காப்பிரைட் சட்டத்தையே ஆதாரமாய் வைத்துக்கொண்டார்கள். எழுதினவனுக்கு அந்தச் சட்டம் கொடுக்கிற பாத்தியதையைக் கொண்டு, பூட்டுவதற்குப் பதிலாகப் பூட்டாமல் காப்பது. ரைட் என்பதை லெப்ட் என்று திருப்பிக் காப்பிலெப்ட் என்று பெயர் வைத்தார்கள்.

இது ஏட்டுச் சுரைக்காயா, கறிக்கு உதவினதா என்று கேட்பீர்கள். லிங்க்சிஸ் என்னும் கம்பெனி வீடுகளில் இன்டர்நெட் பிரித்துக் கொடுக்கும் ஒரு சிறு பெட்டி விற்றது. அதற்குள் ஓடியது லினக்ஸ் என்று ஜனங்கள் கண்டுபிடித்துக் கேட்டார்கள். 2003இல் கம்பெனி மூலநிரலை வெளியிட்டது. அதை வைத்துக்கொண்டு 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் வேலை ஆரம்பமாயிற்று. இன்றைக்கு எத்தனையோ கம்பெனிகளின் பெட்டிகளில் அதைப் போட்டுக்கொள்ளலாம். கம்பெனி கைவிட்ட பெட்டிக்குக்கூட இதனால் மறுபடி உயிர் வருகிறது. அந்த லைசென்சு இல்லாதிருந்தால், கேட்டவர்களுக்குக் கம்பெனி பதில் சொல்லியிருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

லைப்ரரியில் ஏன் இரண்டு வழி?

நிற்க. முழுப் புரோகிராமுக்கு ஜி.பி.எல். போடுவதில் சிக்கல் குறைவு. லைப்ரரிக்குப் போடும்போதுதான் கேள்வி வருகிறது. ஜி.பி.எல். போட்ட லைப்ரரியைச் சேர்த்துக் கட்டின புரோகிராமைப் பிறருக்குக் கொடுத்தால், அந்தப் புரோகிராம் முழுவதையும் ஜி.பி.எல். ஷரத்துப்படியே கொடுக்க வேண்டும் என்பது அந்த ஸ்தாபனத்தாரின் அபிப்பிராயம். இதில் சில வக்கீல்களுக்கு ஆட்சேபணை உண்டு. என்றாலும் கம்பெனிகள் பெரும்பாலும் அதற்குப் பயந்தே நடந்துகொள்கின்றன. சுருங்கச் சொன்னால், இந்தச் செங்கல் வேண்டுமானால் வீட்டின் கதவு திறந்திருக்க வேண்டும்.

எல்.ஜி.பி.எல். அவ்வளவு கேட்பதில்லை. பூட்டிய புரோகிராமும் இந்த லைப்ரரியை உபயோகிக்கலாம். ஆனால் லைப்ரரியின் மூலநிரலும் அதில் செய்த திருத்தமும் ஜனங்களுக்குக் கிடைக்க வேண்டும். இது மாத்திரமல்லாமல், உபயோகிக்கிறவன் அந்த லைப்ரரியைத் தானே திருத்தி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டிக்கொள்ள வழி இருக்க வேண்டும். சுவரில் சுண்ணாம்பு வைத்துக் கட்டின செங்கலை உருவ முடியாது. ஹோல்டரில் மாட்டின பல்பைக் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம். லைப்ரரி பல்பைப் போல இருக்க வேண்டும் என்பது எல்.ஜி.பி.எல்.லின் சாரம். செங்கலைப் போலக் கட்டிவிட்டாலும், பிரித்து மறுபடி கட்டிக்கொள்ளத் தேவையான பாகங்களைக் கொடுத்தாக வேண்டும்.

இந்த லைசென்சு 1991இல் வந்தபோது இதற்கு லைப்ரரி ஜி.பி.எல். என்றுதான் பெயர். பெயரைப் பார்த்த ஜனங்கள், லைப்ரரி என்றாலே இதைத்தான் போட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு போட ஆரம்பித்தார்கள். ஆகவே 1999இல் "லெஸ்ஸர்", அதாவது குறைந்த ஜி.பி.எல். என்று பெயரை மாற்றினார்கள். பெயரைக் கொண்டு காரியத்தைத் தீர்மானிக்கிற வழக்கம் நம் நாட்டில் மாத்திரம்தான் என்று நினைத்துவிடாதீர்கள்!

ரீட்லைனும் சி லைப்ரரியும்

இரண்டில் எது என்று எப்படித் தீர்மானிப்பது? நடந்த இரண்டு காரியங்களைச் சொல்லுகிறோம்.

க்னூ கூட்டத்தார் சி லைப்ரரி ஒன்று எழுதினார்கள். ஏறக்குறைய எல்லாப் புரோகிராமுக்கும் வேண்டிய அடிப்படைச் சரக்கு அது. ஆனால் யூனிக்ஸ் விற்ற ஒவ்வொரு கம்பெனியிடமும் அதைப் போன்ற ஒரு லைப்ரரி ஏற்கெனவே இருந்தது. இவர்கள் ஜி.பி.எல். போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? பூட்டி விற்கிறவன் "உன்னுடையது வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வேறொன்றை எடுத்திருப்பான். அவன் கதவும் திறந்திராது. க்னூ கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம்களின் எண்ணிக்கைதான் குறைந்திருக்கும். ஆகையால் அதற்கு எல்.ஜி.பி.எல். போட்டார்கள்.

ரீட்லைன் என்பது மற்றொரு லைப்ரரி. கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும்போது பின்னால் போய் எழுத்தைத் திருத்துவதும், முன்பு எழுதின கட்டளையை மறுபடி வரவழைப்பதும் அதன் வேலை. பிரையன் பாக்ஸ் என்பவர் எழுதினது. அதற்கு ஈடான சரக்கு அப்போது வெளியில் சுலபமாய்க் கிடைக்கவில்லை. ஆகையால் அதற்கு ஜி.பி.எல். போட்டார்கள். ஜெர்மனியில் புரூனோ ஹைப்லே, மிகாயேல் ஷ்டோல் என்ற இருவர் சிலிஸ்ப் என்னும் புரோகிராம் எழுதியிருந்தார்கள். அதில் ரீட்லைன் சேர்ந்திருந்தது. அதற்குப் போட்டிருந்த லைசென்சோ ஜி.பி.எல். அல்ல. 1992இல் ஸ்டால்மன் இதை எடுத்துக்காட்டிக் கடிதம் எழுதினார். ஹைப்லே முதலில் வாதாடினார். பிறகு தம் புரோகிராம் முழுவதையுமே ஜி.பி.எல்.லின் கீழ் கொண்டு வந்துவிட்டார். ஒரு சிறிய லைப்ரரி ஒரு பெரிய புரோகிராமின் கதவைத் திறந்துவிட்டது.

ஆகவே பெரிய கேள்வி ஒன்றுதான்: உன்னிடம் இருப்பது பிறனிடமும் இருக்கிறதா? பிறனிடமும் இருந்தால், கடுமையான நிபந்தனை அவனை வேறு கடைக்கு அனுப்பும். உன்னிடம் மட்டும் இருந்தால், அதே நிபந்தனை அவன் கதவைத் திறக்க வைக்கும். நம் சந்தாதாரர் பட்டியல் விஷயத்தை இதில் வைத்துப் பாருங்கள். அந்த லைப்ரரிகளுக்கு ஜி.பி.எல். இருந்து, அவற்றைப் போல வேறு கிடைக்காமலும் இருந்திருந்தால், கடைக்காரர் ஒன்று புரோகிராமைத் திறந்து விற்றிருக்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் தாமே எழுதியிருக்க வேண்டும். வேறு கிடைத்திருந்தாலோ, அதை எடுத்துப் போட்டு நம்மைப் பூட்டித்தான் இருப்பார். அப்போது எல்.ஜி.பி.எல். இருந்தால் லைப்ரரியையாவது நாம் கழற்றி மாட்டியிருக்கலாம். ஆனால் வாசல் பூட்டு அப்படியேதான் இருந்திருக்கும். இதை மறைத்துப் பேசுவதில் பிரயோஜனமில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள்

ரீட்லைன் வெற்றியைச் சொன்ன நாம் அதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது யோக்கியமல்ல. பி.எஸ்.டி. கூட்டத்தார் லிப்எடிட் என்று அதே வேலையைச் செய்யும் வேறொரு லைப்ரரி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஜி.பி.எல். நிபந்தனை இல்லை. ஆப்பிள் கம்பெனி தன் மேக் கம்ப்யூட்டர்களில் ரீட்லைன் இடத்தில் அதைத்தான் வைத்திருக்கிறது. பணமும் ஆளும் உள்ளவன் காலப்போக்கில் வேறு வழி தேடிக்கொள்வான் என்பது இதனால் தெரிகிறது. உன் சரக்குக்கு இன்று ஈடில்லை என்பதால் என்றைக்கும் ஈடில்லை என்று நினைத்துவிடக்கூடாது.

நிபந்தனையே வேண்டாம் என்கிற தோழருடைய கட்சியிலும் நியாயம் உண்டு. ஆக் வார்பிஸ் என்று பாட்டைச் சுருக்கி வைக்கும் ஒரு முறை. அன்றைக்குக் காப்புரிமையில் கட்டுண்டிருந்த எம்.பி.3 முறைக்குப் பதிலாக அதை ஜனங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம். பாட்டுப் பெட்டி செய்கிற ஒவ்வொரு கம்பெனியும் அதைப் போட்டால்தான் காரியம் நடக்கும். ஆகையால் 2001இல் அதன் லைப்ரரிகளை எல்.ஜி.பி.எல்.லிலிருந்து பி.எஸ்.டி. மாதிரி லைசென்சுக்கு மாற்றினார்கள். காப்பிலெப்டை உண்டாக்கின ஸ்டால்மனே அது சரி என்று ஒப்புக்கொண்டார். நோக்கம் எதுவோ அதற்குத் தக்க கருவி என்பதுதான் இதிலுள்ள புத்தி. காப்பிலெப்டை ஒரு மதமாக்கி, எங்கும் எதற்கும் அதுவே என்பதும் மூடநம்பிக்கைதான்.

ஆனால் "சுதந்திரம் என்று சொல்லிக்கொண்டு நிபந்தனை போடலாமா?" என்று கேட்கிறார்களே, அதை மட்டும் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். பொதுக் கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்கலாம் என்பது சுதந்திரம். கிணற்றைச் சுற்றி வேலி போடக்கூடாது என்பது நிபந்தனை. இந்த நிபந்தனை இல்லாவிட்டால் அந்தச் சுதந்திரம் எத்தனை நாளைக்கு? அடுத்தவன் உரிமையைப் பிடுங்குகிற உரிமை தனக்கு இல்லையே என்று அழுகிறவனுக்காக நாம் ஏன் அழ வேண்டும்? இன்னொன்று. இலவசம் என்பது பெரிதல்ல. இலவசமாய்க் கொடுத்துவிட்டுச் செய்முறையை மறைத்தால் அது பிச்சை. காசு வாங்கிக்கொண்டு செய்முறையையும் உரிமையையும் கொடுத்தால் அது நேர்மையான வியாபாரம். மனிதனுக்கு வேண்டியது உரிமை.

கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்கள்

சில்லறை என்று சொன்னாலும் பின்னால் கழுத்தைப் பிடிக்கிற விஷயங்கள் இவை.

முதலாவது, லைசென்சுகள் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். க்னூடிஎல்எஸ் என்னும் லைப்ரரியார் 2011இல் எல்.ஜி.பி.எல். மூன்றாம் பதிப்புக்குப் போனார்கள். ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பை மட்டும் ஏற்ற புரோகிராம்களால் அதைச் சேர்த்துக்கொள்ள முடியவில்லை. ஆகவே 2013இல் எல்.ஜி.பி.எல். 2.1க்கே திரும்பினார்கள். கணக்கு வேலைக்கான ஜி.எம்.பி. லைப்ரரி இதே சங்கடத்துக்காக 2014இல் எல்.ஜி.பி.எல். மூன்று, ஜி.பி.எல். இரண்டு என்று இரண்டையும் கொடுத்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றது. "இந்தப் பதிப்பு அல்லது பிந்தைய பதிப்பு" என்று எழுதுவதா, "இந்தப் பதிப்பு மட்டும்" என்று எழுதுவதா என்பதை முதலிலேயே யோசியுங்கள்.

இரண்டாவது, பல கைகள் பட்டபிறகு மாற்றுவது கஷ்டம். வி.எல்.சி. என்று படம் பார்க்கிற புரோகிராம் ஜி.பி.எல்.லில் இருந்தது. ஆப்பிள் கடையின் ஷரத்துக்கள் ஜி.பி.எல்.லுக்கு ஒவ்வாது என்று எழுதினவர்களில் ஒருவரே ஆட்சேபித்ததால், 2011இல் அது அந்தக் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. பிறகு அதன் உட்பாகத்தை எல்.ஜி.பி.எல்.லுக்கு மாற்ற நினைத்தார்கள். எழுதின ஒவ்வொருவருக்கும் தம் தம் பாகத்தில் பாத்தியதை உண்டல்லவா? நூற்றுக்கணக்கானவர்களைத் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியதாயிற்று. 2012 வரை அந்த வேலை நடந்தது.

மூன்றாவது, ஜி.பி.எல்.லில் ஒரு சந்து உண்டு. நிபந்தனை பிறருக்குக் கொடுக்கும்போதுதான் பிறக்கிறது. ஒருவன் உங்கள் லைப்ரரியைத் திருத்தித் தன் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொண்டு, ஜனங்களை இன்டர்நெட் வழியாக வந்து உபயோகிக்கச் சொன்னால், அவன் எதையும் யாருக்கும் கொடுத்ததாகாது. இந்தச் சந்தை அடைக்கத்தான் ஏ.ஜி.பி.எல். வந்தது. திருத்தினதை இன்டர்நெட் வழியாக உபயோகிக்கிறவர்களுக்கும் மூலநிரல் கொடு என்று அது கேட்கிறது. பிழை திருத்துகிற லைப்ரரியை இப்படி உபயோகிப்பதுதான் இந்தக் காலத்தில் சுலபம் என்பதை நீங்கள் மறக்கக்கூடாது. இதற்கு நேர்மாறாக, மொசில்லாக்காரர்களின் எம்.பி.எல். என்று ஒரு நடுவழி உண்டு. அதன் இரண்டாம் பதிப்பு 2012இல் வந்தது. நம் கோப்பில் செய்த திருத்தத்தை மட்டும் அது கேட்கும். பக்கத்தில் புதிதாய்ச் சேர்த்த கோப்பைக் கேட்காது.

உங்கள் லைப்ரரிக்கு

தோழர்களே! இனி உங்கள் லைப்ரரிக்கு வருவோம். இதைப் போன்ற தமிழ்ப் பிழைதிருத்தி, இதே யோக்கியதையுள்ளது, நிபந்தனை குறைந்ததாய் வெளியில் இருக்கிறதா? நாலு நாள் தேடிப் பாருங்கள். இரண்டையும் ஒரே கட்டுரையின்மேல் ஓட்டி, எது எத்தனை பிழை கண்டுபிடிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஈடானது இருந்தால் எல்.ஜி.பி.எல். போடுங்கள். கடுமை காட்டி ஒன்றும் சாதிக்கப் போவதில்லை. உங்கள் திருத்தங்களையாவது காப்பாற்றிக்கொள்ளலாம். தமிழில் எழுதுகிற பல பேருக்கும் உபயோகமாகும்.

ஈடானது இல்லையென்று கண்டால், நம்முடைய ஓட்டு ஜி.பி.எல்.லுக்கு. இன்டர்நெட் வழியாக ஒருவன் எடுத்து அடைத்துக்கொள்வானென்று பயந்தால் ஏ.ஜி.பி.எல்.லுக்கு. ஏனென்றால், இரண்டு வருஷ உழைப்பை ஒரு கம்பெனி எடுத்து, கொஞ்சம் மெருகு போட்டு, பூட்டி, அதை இந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கே மாதச் சந்தாவுக்கு விற்கும். அந்தப் பிள்ளை ஒரு சொல்லைப் பிழையென்று காட்டுவதைப் பார்த்து, "ஏன் பிழை?" என்று திறந்து பார்க்க நினைத்தால், கதவு சாத்தியிருக்கும். பிழை திருத்தியின் பிழையை யார் திருத்துவது? கம்பெனிகள் தொடமாட்டார்கள், பெயர் பரவாது என்று உங்களில் சிலர் பயப்படுகிறீர்கள். பெயர் பரவுவதற்காகச் செய்தீர்களா, ஜனங்களுக்கு உபயோகமாக வேண்டுமென்று செய்தீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பரவ வேண்டியதே முக்கிய நோக்கம் என்று நியாயமாகவே உங்களுக்குத் தோன்றினால், வார்பிஸ்காரர்களைப் போல நடந்துகொள்ளுங்கள். அதில் வெட்கமில்லை. யோசிக்காமல், பழக்கத்தினாலோ பயத்தினாலோ ஒன்றைப் போடுவதுதான் வெட்கம்.

ஒன்று மட்டும் செய்யாமல் இருந்துவிடாதீர்கள். லைசென்சே எழுதாமல் வெளியிடுவது தாராளம் என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டப்படி அது எல்லாப் பாத்தியதையையும் உங்களிடமே வைத்துக்கொண்டதாகும். அதைத் தொட யோக்கியன் பயப்படுவான், அயோக்கியன் பயப்படமாட்டான்.

நாம் சொன்னதில் தவறு இருக்கலாம். இரண்டு கட்சியாரும் இன்றிரவே உட்கார்ந்து, நாம் சொன்ன ஒவ்வொன்றையும் ஆட்சேபித்துப் பாருங்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள். எதைப் போட்டாலும், நமக்குப் பின்னால் கடைசியில் ஒருவன் நிற்கிறான், அவன் கதவுக்கு வெளியே நிற்கக்கூடாது என்பதை மட்டும் மறவாதீர்கள்.